அவர் நிறுத்திய பக்கம்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஆறு இலக்கங்கள். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போனின் திரையில், மின்நூலகம் ஒன்றிலிருந்து வந்த குறுஞ்செய்தியின் நடுவே அவை இருந்தன. கீழே, இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம் என்ற வழக்கமான வரி. அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

"வந்துச்சா?" என்றார் என் கணவர்.

இலக்கங்களைச் சொன்னேன். ஒவ்வொன்றாக அவர் திருப்பிச் சொன்னார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வளைகுடாவில் அப்போது மணி நாலு பத்து. ஐந்துக்கெல்லாம் கம்பெனி பஸ் அவர்கள் தங்கியிருக்கும் கட்டடத்தின் வாசலுக்கு வந்துவிடும்.

"சரி புள்ள, வைக்கேன்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த தொலைபேசி அழைப்புகள் இவைதான்.

அந்த நூலகம் பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. போனில் செயலியை இறக்கிக்கொண்டால் போதும், எங்கிருந்தும் வாசிக்கலாம். ஆனால் உறுப்பினராக இந்திய எண் வேண்டும். அவருடைய போனில் இருந்தது அந்த நாட்டு எண். செயலி அதை ஏற்கவில்லை. ஆகவே கணக்கு என் எண்ணில் இருந்தது, இருவருக்கும் சேர்த்து ஒன்று. சில நாட்கள் போனால் செயலி ஆளை வெளியேற்றிவிடும். மறுபடி உள்ளே போக ஓடிபி கேட்கும். அது என் போனுக்குத்தான் வரும்.

நான் தூத்துக்குடியில் ஒரு நாளிதழின் இணையப் பதிப்பில் உதவி ஆசிரியர். காலை ஷிப்ட். காவல்துறை அனுப்பும் எச்சரிக்கைச் செய்திகளைச் சுருக்கித் தலைப்பிடுவது என் வேலைகளில் ஒன்று. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறேன். ஒருநாள் அலுவலக நேரத்தில் அவர் அழைத்துவிட்டார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு இலக்கங்களைச் சொன்னேன். எதிர் மேசையில் எங்கள் போட்டோகிராபர் உட்கார்ந்திருந்தான். திரேஸ்புரத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"எக்கா, நேத்து நீங்கதான தலைப்பு போட்டீங்க? சொந்தக்காரர் கேட்டாலும் சொல்லாதீர்னு?"

"இது வேறலே."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுதாவ. அப்புறம் ஸ்டேஷன்ல வந்து நின்னு அழுதாவ. நான்தான் போயி போட்டோ எடுக்கேன்."

"நூலகத்துக்குலே. புத்தகம் வாசிக்க."

"புத்தகத்துக்கா ஓடிபி?" நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "ஏலே, அக்கா வீட்டுக்காரரு கல்ஃப்ல இருந்து என்ன கேக்காரு தெரியுமா? கதப் புஸ்தகம் கேக்காருலே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை வரை எனக்குள் ஒரு நிறைவு இருந்தது.

எங்கள் ஊர் காயல்பட்டினம். இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருப்போம். ஆண்கள் வருவார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள், கடல் தாண்டிப் போவார்கள். எங்கள் வீட்டில் மாடி அறை அவருக்கு. கல்யாணமாகி இந்த இருபது வருடத்தில் அந்த அறையில் அவர் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால், எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு படித்து முடித்த காலம்கூட வராது. மகள் இப்போது வெளியூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கீழே உம்மாவும் நானும்.

இந்த ஓடிபி அழைப்புகளுக்கு முந்தைய லீவில் அவர் வந்தபோது மழைக்காலம். வெளியே போக முடியாத மாதிரி பெய்தது. கரண்ட் போய்விட்டுப் போய்விட்டு வந்தது. அலுவலகத்தில் ஒரு செய்திக்காக நான் அந்த நூலகச் செயலியை இறக்கி வைத்திருந்தேன். அதில் சும்மா துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு புத்தகம் அகப்பட்டது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் அதற்குத் தலைப்பும் கிடையாது, எழுதியவர் பெயரும் கிடையாது. 'தலைப்பு அறியப்படாத கடற்பயண நூல்' என்று நூலகம் குறித்து வைத்திருந்தது. இந்தக் கரையிலிருந்து பாய்க்கப்பலில் கிழக்கே வியாபாரத்துக்குப் போகும் ஒருவன், முத்துகளை விற்றுவிட்டு உடனே திரும்பலாம் என்று போகிறான். காற்று மாறிவிடுகிறது. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு என்று அவனுடைய திரும்புதல் தள்ளிக்கொண்டே போகிறது. கதை அதுதான்.

"நம்ம கததான் இது" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இருவரும் ஒரே போனில் வாசித்தோம். போனை அவர் பிடித்திருப்பார். நான் பிழை திருத்தித் தொழில் கற்றவள், என் கண் வரிகளில் ஓடிவிடும். அவர் வரிவரியாக வாசிப்பார், சில இடத்தில் உதடு அசையும். பக்கத்தின் கடைசி வரிக்கு வந்துவிட்டு நான் காத்திருப்பேன். அந்த நேரங்களில் நான் பார்த்தது அவருடைய கட்டைவிரலை. அவர் கிரேன் மெக்கானிக். நகத்தின் ஓரத்தில் கிரீஸின் கறுப்பு எப்போதும் இருக்கும். லீவு பாதி முடியும்போதுதான் அது முழுக்கப் போகும். அந்த விரல் மெல்ல எழுந்து திரையைத் தள்ளும்வரை நான் பொறுத்திருப்பேன். இப்போது யோசித்தால், கதையைவிட அந்தக் காத்திருப்புதான் நினைவில் நிற்கிறது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மனிதர் முடிக்கட்டும் என்று சும்மா இருப்பது. அதுபோல என் வாழ்க்கையில் வேறு எப்போதும் இருந்ததில்லை.

கப்பல்காரன் அந்நிய ஊர் ஒன்றில் இறங்கி, கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்க்கும் இடம் வரை வந்தோம். அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

அவர் போன பிறகு, ஒரு வாரம் இருக்கும், முதல் ஓடிபி வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று விழித்துக்கொண்டிருந்தபோது அவர் அழைத்தார்.

"ஒரு நம்பர் வந்துருக்கும், சொல்லு."

"நூலகத்துக்கா? அந்தக் கதைக்கா?"

"ஆமா, அதுக்குத்தான். இங்க ரூம்ல…"

"எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? ஒங்களுக்கு அங்க எங்க நேரம் இருக்கும்னு நெனச்சேன்."

அவர் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"ரூம்ல என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நம்பரச் சொல்லு."

அந்தச் செயலி, கடைசியாக எந்தப் பக்கத்தில் நிறுத்தினோமோ அங்கேயே திறக்கும். எந்தப் போனில் நிறுத்தினாலும் அப்படித்தான். ஒரு கணக்கென்றால் ஒரு வாசகர் என்று அது எடுத்துக்கொள்கிறது. மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது திறந்தேன். கிணற்றைத் தாண்டி நாலைந்து பக்கம் போயிருந்தது. பஸ் ஆத்தூர்ப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பாலம் முடியும்வரை அந்தப் பக்கத்தை வாசிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு அது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் ஜன்னலோர இருக்கை, செயலி, அவர் நிறுத்திய பக்கம். முந்தைய நாளின் பக்கத்திலிருந்து அதுவரை வாசிப்பேன். அதற்கு மேல் ஒரு வரிகூடப் போகமாட்டேன். சில நாள் பத்துப் பக்கம் நகர்ந்திருக்கும். அன்றைக்கு அவருக்கு வேலை குறைவு என்று எடுத்துக்கொள்வேன். சில நாள் அரைப் பக்கம். படுத்ததும் தூங்கிவிட்டார். நகராத நாட்களில் உப்பளங்கள் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு பைக்குள் போட்டுவிடுவேன்.

போனில் பேசும்போது அவர் இப்படியெல்லாம் எதையும் தெரியவிட்டதில்லை. பேச்சில் சிக்கனம். அவருடைய அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள், ஆறு பேர். எல்லோருடைய காதும் அங்கேயே இருக்கும்போது மனைவியிடம் என்ன பேச முடியும்? கேஸ் சிலிண்டர் வந்ததா, உம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா, மகள் போன் செய்தாளா. இவற்றைக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்" என்ற சொல்லுக்கு நான் இருபது வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு மஞ்சள் கோடுகள் வரத் தொடங்கின.

அந்தச் செயலியில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து இழுத்தால் நிறம் படியும். ஒருநாள் பஸ்ஸில் திறந்தபோது இரண்டு வரிகள் மஞ்சளாக இருந்தன. கப்பல்காரன் இரவில் தளத்தில் படுத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் திறந்தால் எந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும் இடம். அடுத்த வாரம் இன்னொன்று. கூட வந்தவர்கள் இன்னும் ஒரு துறைமுகம் போய்வரலாம் என்று அழைக்கும்போது, போதும் என்று அவன் தலையை மட்டும் ஆட்டும் இடம். அதற்கடுத்து, கரை கண்ணில் படுவதற்கு முன்பே காற்றில் ஊரின் வாடை வந்துவிட்டதாக அவன் சொல்லும் இடம். அந்த ஒரு பத்தி முழுவதும் மஞ்சள். கோணலாக, அவசரமாக, வரிக்கு வெளியேயும் வழிந்திருந்தது.

நான் பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். கப்பல்காரனின் மனைவி மழை வரும்போது மெத்தையை உள்ளே எடுத்துப் போடும் இடத்தில் ஒரு பச்சைக் கோடு. துறைமுகத்துக்கு வந்த வேறு கப்பல்களில் அவள் யாரிடமும் எதுவும் விசாரிக்காமல் நின்றுவிட்டுத் திரும்பும் இடத்தில் இன்னொன்று. அவர் பார்ப்பார் என்று தெரியும். தொலைபேசியில் அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பேசினால் அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் கேட்டுவிடும் என்று இருவருமே நினைப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. ஊரோடு வந்துவிடுவதா, இன்னும் இருப்பதா என்று போன லீவிலேயே கேட்டிருந்தேன். "பாப்போம்" என்றார். இரண்டாம் முறை கேட்டபோதும் "பாப்போம்". மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் வந்துவிட வேண்டும். மாடியில் இருக்க வேண்டும். அந்த மஞ்சள் கோடுகள் அதற்கான பதில் என்று முடிவு செய்துகொண்டேன். அலுவலகத்தில் ஒரு மீன்பிடிப் படகு காணவில்லை என்ற தகவல் வந்தாலும் இரண்டு இடத்தில் உறுதி செய்யாமல் ஏற்றமாட்டேன். இதை நான் யாரிடமும் உறுதி செய்யவில்லை. உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"மாப்புள ஒரேயடியா வந்துருவாவ போலருக்கு உம்மா."

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

"சொன்னாவளா?"

"சொல்லல. ஆனா தெரியுது."

"எங்கன தெரியுது?"

போனைக் காட்டினேன். உம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது என்னளா, மஞ்சப்பொடி கொட்டுன மாதிரி?"

"அவங்க கோடு போட்டது. ஊருக்குத் திரும்புற இடமாப் பாத்து."

"பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்ல வாயில்லாம, புஸ்தகத்துல மஞ்ச பூசுதாவளாக்கும்" என்றார் உம்மா. முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். "நல்ல மாப்புள. நல்ல பொண்டாட்டி."

ஆனால் இரண்டு நாள் கழித்து நான் வேலைவிட்டு வந்தபோது மாடியில் வெள்ளையடிக்கிறவர் நின்றுகொண்டிருந்தார். கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டு பழைய போர்வையால் மூடியிருந்தது. இருபது வருடமாக மூடாத ஒரு ஜன்னல் கதவுக்குப் புதிதாகக் கொக்கி போட்டிருந்தார்கள். "ஒரேயடியா வாராவன்னா அறை அறையா இருக்கணும்லா" என்றார் உம்மா.

எங்கள் தெருவில் வீடுகளுக்குப் பின்பக்கமாகப் பெண்கள் போய்வர ஒரு முடுக்கு உண்டு. நான் வேலை பார்க்கும் இணையப் பதிப்பு அந்த முடுக்கின் வேகத்துக்கு ஈடாகாது. உம்மா யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் இன்றும் சொல்கிறார். வெள்ளையடிப்பது எதற்கு என்று கேட்டவர்களிடம் மட்டும் சொன்னாராம். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் கணவரின் தங்கைக்கு மறுநாள் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்திருக்கும் நேரம். அவர் அழைத்தார்.

"நான் ஒரேயடியா வாரேன்னு யாரு புள்ள சொன்னா?"

குரலில் கோபம் இல்லை, திகைப்புதான்.

"தங்கச்சி போன் பண்ணுதா. 'காக்கா, வந்து என்ன செய்யப் போறீங்க, கட வைக்கப் போறீங்களா'ன்னு கேக்கா. ரூம்ல இருக்கவன்லாம் கையப் பிடிச்சிக் குலுக்குதான். எனக்குத் தெரியாம நான் ஊருக்குப் போறேன்!"

"நீங்கதான சொன்னீங்க."

"எப்ப?"

"புத்தகத்துல. மஞ்சள்ல."

"எந்த மஞ்சள்?"

அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஊரின் வாடை காற்றில் வருகிற பத்தியைச் சொன்னேன். வரிக்கு வெளியே வழிந்த கோட்டைப் பற்றிச் சொன்னேன். என் பச்சைக் கோடுகளையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"அது நான் இல்ல புள்ள."

அவர்கள் அறையில் சாத்தான்குளத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கம்பெனி மெஸ்ஸில் சமையல். போன லீவு முடிந்து போன சமயத்தில், மழையில் நாங்கள் வாசித்த கதையைப் பற்றி என் கணவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சிக்கு ஆசை வந்துவிட்டது. அவரிடமும் இந்திய எண் இல்லை, எப்போதோ காலாவதியாகிவிட்டது. அவருடைய போனில் செயலியை இறக்கி, எங்கள் கணக்கில் உள்ளே விட்டவர் என் கணவர்தான். ஒவ்வொரு முறை நான் சொன்ன இலக்கங்களையும் அவர் திருப்பிச் சொன்னது, பக்கத்தில் நின்ற அண்ணாச்சி தட்டுவதற்காக.

"ஏன் மொதல்லயே சொல்லல?" என்றேன்.

"சொல்ல வந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமாக் கேட்ட. அதுல போயி நான் இல்லன்னு எப்பிடிச் சொல்ல? அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அது அப்பிடியே போச்சு."

"நீங்க வாசிக்கவே இல்லையா?"

"ரெண்டு தடவ அவர் போன வாங்கிப் பாத்தேன். அந்தக் கெணத்துல தண்ணி குடிச்சிப் பாப்பான்லா, அதுக்கு அங்கிட்டுப் போக முடியல. அவன் தண்ணி குடிக்கான், எனக்குக் கண்ணு சொருகுது."

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"இரு, அண்ணாச்சி பேசணுங்காரு" என்றார் அவர்.

போன் கை மாறியது. அதே தொண்டைச் செருமல்.

"தங்கச்சி, தப்பா நெனச்சிராதீங்க" என்றது வயதான ஒரு குரல். "எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பச்சக் கோடெல்லாம் இவரு போடுததுன்னுதான் நெனச்சேன். பக்கத்துக் கட்டில்ல கெடக்க மனுசன், வாயத் தெறந்து ஒண்ணும் சொல்லாம பச்சையில பதில் போடுதாரேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. சரி, கூச்சப்படுதாரு போலன்னு நானும் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"நீங்க ஊருக்குப் போறீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"ஆமா தங்கச்சி. கர்த்தர் சித்தம், அடுத்த மாசம். ஒரேயடியாத்தான். எங்க வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். 'வந்து என்ன செய்யப் போறீரு, என் கொழம்பக் கொற சொல்லத்தான வாரீரு'ங்கா." மறுபடி சிரித்தார். "அதான், அந்த எடமெல்லாம் வாசிக்கையில கை சும்மா இருக்கல."

"கடைசி வரைக்கும் வாசிச்சிட்டீங்களா?"

"இல்ல. கொஞ்சம் மிச்சம் இருக்கு. முடிவ மட்டும் வீட்டுல போயி வாசிக்கலாம்னு வச்சிருக்கேன். அங்கன வந்தாலும் நம்பர் சொல்லுவீங்கல்லா?"

"சொல்லுவேன்" என்றேன்.

மறுபடி என் கணவர் வந்தார். "அப்புறம்?" என்றார்.

மாடிப் படியில் சுண்ணாம்புச் சொட்டுகள் காய்ந்து கிடந்தன. வெள்ளையடித்தது பற்றிச் சொன்னேன். "எந்த அறைய?" என்று கேட்டார். "ஒங்க அறைய" என்றேன். "நல்லா இருக்கா?" என்றார். நல்லா இருக்கிறது என்றேன். அது உண்மைதான்.

உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "சாத்தான்குளத்துக்காரருக்கு நம்ம வீட்டுல வெள்ளையடிச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். முடுக்கில் விசாரித்தவர்களிடம், போன மழையில் சுவர் பொரிந்துவிட்டது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் செயலியைத் திறக்காமல் கொஞ்ச நாள் இருந்தேன். பிறகு திறந்தேன். பக்கம் நகர்ந்திருந்தது. இப்போது அது யாருடைய பக்கம் என்று தெரியும். இருந்தும் முன்பு போலவே அந்த இடம் வரை வாசித்துவிட்டு நிறுத்தினேன். தாண்டிப் போக எனக்கு எந்தத் தடையும் இல்லை. விரல் போகவில்லை. நிறம் எதுவும் போடவில்லை. அண்ணாச்சியும் அதற்குப் பிறகு போடவில்லை.

நான் அலசிப் பார்த்த ஒன்று உண்டு. அந்த மாதங்களில் நான் யாரோடு வாசித்தேன்? பக்கங்கள் அண்ணாச்சியுடையவை. கோடுகள் அவருடைய மனைவிக்காக. ஆனால் கடைசி வரியில் நின்று நான் காத்திருந்தபோதெல்லாம் மனதில் இருந்தது கிரீஸ் படிந்த ஒரு நகம்தான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவரே கேட்டார்.

"நீ வாசியேன். நான் கேக்கேன்."

"இப்பவா?"

"இன்னிக்கு லீவுதான. எல்லாரும் வெளிய போயிருக்காவ. கெணத்துல இருந்து ஆரம்பி."

மாடிக்குப் போனேன். சுண்ணாம்பு வாடை இன்னும் இருந்தது. உம்மாவின் போனில் அவரைப் பேசவைத்து அதைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, என் போனில் புத்தகத்தைத் திறந்தேன். பின்னால் தள்ளித் தள்ளிக் கிணற்றுக்கு வந்தேன். அவனுடைய உள்ளங்கையில் தண்ணீர் இருந்தது. மெதுவாக வாசித்தேன், அவர் வாசிக்கும் வேகத்தில். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் "ம்" என்றார். மூன்றாம் பக்கத்தில் அந்த "ம்" வரவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. சீரான, ஆழமான மூச்சு. வாசிப்பதை நிறுத்தினால் அவர் விழித்துவிடுவாரோ என்று தொடர்ந்து வாசித்தேன். கதை எனக்கு ஏற்கெனவே தெரிந்த இடம்தான். தொண்டை வறண்டது. கீழே உம்மா யாரிடமோ, "அவ மேல மாப்புளைக்கிப் பாடஞ் சொல்லிக்குடுக்கா" என்று சொல்வது கேட்டது. மூச்சுச் சத்தத்துக்கு நடுவில் எங்கோ ஒரு கதவு திறந்தது. யாரோ இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர் திடுக்கிட்டு விழித்து, "எங்க இருக்கோம்?" என்றார்.

"கெணத்துக்கிட்டதான்" என்றேன்.

அண்ணாச்சி ஊருக்கு வந்துசேர்ந்தார். வந்த வாரமே ஒருநாள் காலை, ஆறு இலக்கங்கள் வந்தன. என் கணவர் அழைக்கவில்லை. புதிய இந்திய எண் ஒன்றிலிருந்து அண்ணாச்சியே அழைத்தார். பின்னால் ஒரு பெண் குரல், "வந்ததும் வராததுமா காலங்காத்தால யாருகிட்டயா பேசுதீரு?" என்றது. "லைப்ரரிளா" என்றார் அவர். இலக்கங்களைச் சொன்னேன். அவருக்குத்தான் இப்போது இந்திய எண் இருக்கிறதே, தனியாகக் கணக்குத் தொடங்கலாமே என்று நானே சொல்லி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் விளக்கினேன். இரண்டு நாள் கழித்து, புத்தகத்தை முடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். முடிவு என்ன என்று எழுதவில்லை. நீங்களே வாசியுங்கள் தங்கச்சி என்று மட்டும் இருந்தது.

அதன் பிறகு நூலகத்திலிருந்து எனக்கு ஓடிபி வந்ததில்லை. செயலி இப்போது நான் நிறுத்திய பக்கத்தில் திறக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் வாசிக்கிறேன். அவர் சில நாள் நாலு பக்கம் வரை "ம்" கொட்டுகிறார். அறையில் ஆட்கள் இருந்தால், இன்றைக்கு வேண்டாம் என்பார். மகள் ஒருமுறை விடுதியிலிருந்து வந்திருந்தபோது, கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "வாப்பா தூங்குறது தெரிஞ்சும் ஏன் வாசிக்கிறீங்க?" என்றாள். நான் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த வருடக் கடைசியில் அவருடைய விசா இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.